குளோரின் பூஜ்யம்: ஒரு நீச்சல் குள நீர் மாதிரி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வக அறிக்கையில் ஐந்து வரிகள் இருந்தன. கோலிஃபார்ம் இல்லை. ஈ.கோலை இல்லை. சூடோமோனாஸ் எருஜினோசா இல்லை. மூன்றும் நீரின் தூய்மையை அறியத் தேடப்படும் பாக்டீரியாக்கள். மொத்த பாக்டீரியா எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 1க்கும் கீழே. கடைசி வரி, தனிக் குளோரின், அதாவது எதனுடனும் பிணையாமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின், லிட்டருக்கு 0.0 மி.கி. அந்த வரியின் கீழ் மட்டும் யாரோ சிவப்பு மையால் கோடிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள்.

கேள்விக்குறி போட்டவர் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார். ஆனால் கேட்ட கேள்வி வேறு. "குளத்தில் ஏன் குளோரின் இல்லை?" என்று பராமரிப்பாளரிடம் விளக்கம் கேட்டார்கள். குளோரினே இல்லாத, நாள் முழுவதும் ஆட்கள் இறங்கும் ஒரு குளத்தில் பாக்டீரியா மட்டும் எப்படி இல்லாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

குளத்தின் அடையாளத்தைத் தவிர்த்துவிட்டு, நடந்ததை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

குளமும் புகாரும்

அது ஓர் உள்ளரங்கப் பயிற்சிக் குளம். நீளம் 25 மீட்டர், கொள்ளளவு சுமார் 4 லட்சம் லிட்டர். மணல் வடிகட்டி இருக்கிறது. கிருமி நீக்கத்துக்குக் குளோரின் தரும் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட், பிஎச் (நீரின் அமில, கார நிலை) அளவைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீரைச் சூடாக்கச் செம்புச் சுருள் கொண்ட வெப்பமூட்டி. பராமரிப்பாளர் அனுபவசாலி. தினமும் காலையிலும் மாலையிலும் குளோரினையும் பிஎச் அளவையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுபவர். பல குளங்களில் பதிவேடு ஒரே பேனாவில், ஒரே மூச்சில், மாதக் கடைசியில் எழுதப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இது அப்படிப்பட்டதல்ல. அடித்தல் திருத்தலோடு இருந்தது, அதனாலேயே நம்ப முடிந்தது.

எங்களை அழைத்தபோது சொல்லப்பட்ட பிரச்சினை இது: எவ்வளவு ஊற்றினாலும் நீரில் குளோரின் நிற்கவில்லை. பிஎச் வேறு ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு பக்கம், நீந்துபவர்களுக்குக் கண் எரிகிறது, இருமல் வருகிறது, நீச்சல் உடைகள் சில வாரங்களிலேயே வெளுத்துவிடுகின்றன. கண் எரிச்சலுக்கு உயர்ந்த பிஎச் காரணம் என்று அங்கே முடிவுகட்டியிருந்தார்கள். உடை வெளுப்பதற்கு அவர்களிடம் காரணம் எதுவும் இல்லை.

வெளுக்கும் உடையும் குளோரின் இல்லாத நீரும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் ஆய்வக அறிக்கையும் பூஜ்யம் என்கிறது, கரையோரச் சோதனைப் பெட்டியும் பூஜ்யம் என்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சோதனைகள் ஒரே விடையைச் சொன்னால் அதை நம்புவதுதான் இயல்பு. இங்கே இரண்டும் பொய். அதுவும் வெவ்வேறு காரணங்களால்.

பதிவேடு சொன்னது

முதல் அறிக்கை வருவதற்கு முந்தைய பக்கங்களில் தனிக் குளோரின் லிட்டருக்கு 1.5 முதல் 2 மி.கி. வரையிலும், பிஎச் 7.4 அருகிலும் சீராக இருந்தன. மாதிரி எடுத்த அன்று காலையிலும் அதே 2 மி.கி. எழுதப்பட்டிருக்கிறது. அறிக்கை வந்து, விளக்கம் கேட்கப்பட்டதும் ஊற்றும் அளவு இரட்டிப்பாகியிருக்கிறது. அச்சடித்த தாளின் முன்னால் கையெழுத்துப் பதிவேடு தோற்றுப்போனது. சோதனையில் குளோரின் இருப்பதைக் காட்டும், தன் கண்ணால் பார்த்த இளஞ்சிவப்பு நிறத்தை அந்த மனிதர் தானே சந்தேகிக்கத் தொடங்கினார். சோதனை மாத்திரைகள் பழையவையோ என்று புதிய பெட்டியும் வாங்கிவைத்தார்.

அதற்குப் பிந்தைய அளவுகள் 3, 4, 5 என்று ஏறுகின்றன. அவருடைய நிற அட்டையின் உச்ச அளவு 5. பிறகு "5க்கு மேல், கரும் இளஞ்சிவப்பு" என்று ஒரு குறிப்பு. அடுத்த பதிவு: "நிறம் இல்லை. 0."

இந்த ஒரு தாவலில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. அட்டையின் உச்சத்தைத் தாண்டிய குளோரின் ஓர் இரவுக்குள் பூஜ்யத்துக்கு இறங்குவது வெயில் கொளுத்தும் திறந்தவெளிக் குளத்தில்கூட நடக்காது என்று சொல்ல மாட்டேன். குளோரினை வெயிலிலிருந்து காக்கும் நிலைநிறுத்தி சேர்க்காத நீரில் கடும் வெயில் குளோரினைச் சில மணி நேரத்திலேயே அழித்துவிடும். ஆனால் இது கூரைக்குள் இருக்கும் குளம், அதுவும் இரவு நேரம். அழிக்க வெயிலே இல்லை.

அடுத்துக் கேட்டு வாங்கியது சரக்கு இருப்புப் பதிவேடு. மாதிரி பற்றிய விசாரணையில் ரசாயனக் கேன்களை எண்ணுவது தேவையற்ற வேலையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு எளிது. 4 லட்சம் லிட்டர் நீரில் குளோரினை 10 மி.கி. உயர்த்த 4 கிலோ குளோரின் வேண்டும். 10 சதவீதக் கரைசல் என்றால் ஏறக்குறைய 40 லிட்டர். வழக்கமான செலவுக்கு மேல் அதைவிடக் கூடுதலாகவே கேன்கள் காலியாகியிருந்தன. ஊற்றியது எங்கேயாவது போயிருக்க வேண்டும். வியர்வை, சிறுநீர் போன்ற கழிவுகள் தின்றிருந்தால் பிணைந்த குளோரினாக, அதாவது குளோரமைனாக, அது கணக்கில் வந்திருக்கும். பராமரிப்பாளரின் சோதனையில் மொத்தக் குளோரினும் பூஜ்யம். தின்றதற்கான தடயமே இல்லை.

முதல் பூஜ்யம்: பாட்டில்

ஆய்வகம் அனுப்பியிருந்த பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். கிருமி நீக்கி, முத்திரையிட்ட 120 மில்லி பாட்டில். அடியில் மிகச் சிறிதளவு வெண்தூள். பலர் அதை அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடுவார்கள். இவர் கழுவவில்லை, மேல்சீட்டில் "கழுவக் கூடாது" என்று அச்சிட்டிருந்ததை அப்படியே பின்பற்றியிருக்கிறார்.

அந்தத் தூள் சோடியம் தயோசல்பேட். குளோரினை முறிப்பதற்காகவே போடப்படுவது. நீரை எடுத்த நொடியில் இருந்த பாக்டீரியா, ஆய்வகத்தைச் சேரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். குளோரின் பாட்டிலுக்குள்ளும் வேலை செய்துகொண்டே இருந்தால் வழியிலேயே எல்லாம் செத்துவிடும். ஆகவே மாதிரி எடுத்த கணத்திலேயே குளோரினை நிறுத்திவிட வேண்டும். குடிநீர்ப் பாட்டில்களில் வழக்கமாகப் போடும் அளவு லிட்டருக்கு 5 மி.கி. வரையிலான குளோரினை முறிக்கும். குளோரின் மிகுந்த நீருக்கென்று, 15 மி.கி. வரை முறிக்கும் அளவிலும் போடுவதுண்டு. எங்கள் கைக்கு வந்தது இரண்டாவது வகை.

ஆக, பாக்டீரியா சோதனைக்கு அது மிகப் பொருத்தமான பாட்டில். குளோரின் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமற்ற பாட்டில் கிடையாது. குளத்தில் 2 இருந்தாலும் 12 இருந்தாலும் அந்தப் பாட்டிலிலிருந்து வரும் விடை பூஜ்யம்தான். கோரிக்கைப் படிவத்தில் பாக்டீரியாவுக்கும் குளோரினுக்கும் ஒரே பக்கத்தில் கட்டங்கள் இருந்தன. அலுவலகத்தில் யாரோ எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டார்கள். ஆய்வகத்தில் யாரோ எல்லாவற்றையும் ஒரே பாட்டிலிலிருந்து செய்தார்கள். வந்த எண்ணை அப்படியே அச்சிட்டார்கள். ஒரே பாட்டிலிலிருந்து நான்கு உண்மைகளும் ஒரு பொய்யும் ஒரே எழுத்துருவில் வெளிவந்தன.

தயோசல்பேட் இல்லாத சாதாரண பாட்டிலில் அனுப்பியிருந்தால் சரியாக இருந்திருக்குமா? இருக்காது. குளோரின் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அசைவிலும் குறைந்துகொண்டே போகும். பயணப்பட்டு வந்த மாதிரியில் அளப்பது குளத்தின் குளோரினை அல்ல, பயணத்தில் மிஞ்சியதை. தனிக் குளோரினைக் கரையோரத்திலேயே, நீரை எடுத்த கையோடு அளக்க வேண்டும். குளோரின் அளவை ஆய்வகத்திடம் கேட்பதே தவறு என்பது என் கருத்து. கேட்டால் கொடுத்துவிடும் ஆய்வகம் அதைவிடப் பெரிய தவறு செய்கிறது.

இரண்டாம் பூஜ்யம்: நிறம்

கரையோரச் சோதனையில் பயன்பட்டது டிபிடி மாத்திரை. 10 மில்லி நீரில் முதல் எண் மாத்திரையைக் கரைத்தால் தனிக் குளோரினுக்கு ஏற்ப இளஞ்சிவப்பு நிறம் வரும். மூன்றாம் எண் மாத்திரையைச் சேர்த்தால் மொத்தக் குளோரின். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிணைந்த குளோரின். எளிமையான, நம்பகமான முறை. ஆனால் அதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. லிட்டருக்கு 10 மி.கி.யைத் தாண்டினால், சில பெட்டிகளில் அதற்கும் முன்பே, குளோரின் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். நீச்சல் உடைக்கு நேர்ந்ததுதான் மாத்திரைக்கும் நேர்கிறது. ஒரு கணம் சிவப்பு மின்னி மறையும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் கண்ணுக்குத் தெரிவது தெளிந்த நீர். குளோரினே இல்லாத நீரும் அளவுகடந்த குளோரின் உள்ள நீரும் குப்பிக்குள் ஒன்றுபோலவே இருக்கும்.

சரிபார்க்கும் வழி மிகச் சாதாரணமானது. ஒரு பங்கு குள நீருடன் ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து, அதில் மாத்திரையைப் போட வேண்டும். போட்டோம். பளிச்சென்று இளஞ்சிவப்பு. அளவு 1.2. பத்தால் பெருக்கினால் 12 மி.கி. குப்பியைப் பார்த்த பராமரிப்பாளர் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் நான் ஊற்றியதெல்லாம் உள்ளேதான் இருக்கிறதா?" என்று கேட்டார். அவருக்குக் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் என்று தோன்றியது. தன் கணக்கு பொய்யில்லை என்பது உறுதியாகிவிட்டதே.

பிஎச் ஏறிய கதையும் இதே நீரிலிருந்துதான் வந்தது. பிஎச் சோதனைக்குப் பயன்படும் பினால் ரெட், அதிகக் குளோரினுடன் வினைபுரிந்து குளோரோபினால் ரெட் ஆகிவிடும். அதன் நிறம் ஊதா. நிற அட்டையில் உச்சத்துக்கும் மேலே என்று தோன்றும். பராமரிப்பாளர் அதை 8.4 என்று எழுதி அமிலம் சேர்த்திருக்கிறார். மறுநாளும் ஊதா, மறுபடியும் அமிலம். மின்முனைக் கருவியால் நாங்கள் அளந்தபோது உண்மையான பிஎச் 6.7. காரத்தன்மைச் சோதனையிலும் குளோரின் கை வைக்கும்: பச்சையிலிருந்து சிவப்புக்கு மாற வேண்டிய நிறம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும். அங்கேயும் அப்படித்தான் மாறியது.

கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. பிஎச் தாழ்ந்து, குளோரின் உயர்ந்த நீரில் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயு எளிதில் உருவாகும். உள்ளரங்கில் அது நீரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில், சரியாக நீந்துபவரின் மூக்குக்கு நேரே தங்கும். இதைவிட அச்சமூட்டியது பம்பு அறை. அமிலக் கேனும் ஹைப்போகுளோரைட் கேனும் அருகருகே, இரண்டும் வழக்கத்துக்கு மேலான வேகத்தில் காலியாகிக்கொண்டிருந்தன. இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெளிவருவது குளோரின் வாயு. ஒரு தவறான பாட்டிலிலிருந்து தொடங்கிய வழி அந்த அறை வாசல்வரை வந்து நின்றிருந்தது.

மறு மாதிரி

குளத்தை மூடச் சொன்னோம். குளோரின் ஊற்றுவதை நிறுத்தி, நீரில் ஒரு பகுதியை மாற்றி, கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவைத்து மீதியைத் தானாக இறங்கவிட்டோம். தயோசல்பேட்டை நேரடியாகக் குளத்தில் கொட்டி முறித்துவிடலாமா என்று நிர்வாகம் கேட்டது. முடியும். ஆனால் கொஞ்சம் கூடிப்போனால் மிஞ்சிய தயோசல்பேட் அடுத்து ஊற்றும் குளோரினையும் தின்னும். பூஜ்யத்தால் ஏற்கெனவே இவ்வளவு தூரம் வந்த குளத்தில் உண்மையான பூஜ்யம் ஒன்றை உண்டாக்க எனக்கு விருப்பமில்லை.

தனிக் குளோரின் 3 மி.கி.க்கு இறங்கி, பிஎச் 7.4க்குத் திரும்பி, ஆட்கள் மீண்டும் இறங்கத் தொடங்கிய பிறகே மறு மாதிரி எடுத்தோம். காலியான குளத்தில் விடியற்காலையில் எடுக்கும் மாதிரி அழகாகத்தான் வரும். கூட்டம் நிறைந்த நேரத்தில் எடுப்பதுதான் குளத்தின் உண்மை நிலையைச் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் நீச்சல் குளங்களுக்கென 2006இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது.

இடம் பற்றி. பராமரிப்பாளர் எப்போதும் ஏணிக்குப் பக்கத்தில் எடுப்பார், குனிய வசதியாக இருக்கும் என்பதால். அந்த ஏணிக்கு அருகேதான் சுத்திகரித்த நீர் உள்ளே வரும் குழாய் வாய். அங்கே எடுத்தால் அப்போதுதான் குளோரின் சேர்ந்து வரும் நீரை எடுக்கிறோம், மனிதர்கள் நீந்தும் நீரை அல்ல. குழாய் வாய்களிலிருந்து விலகி, நீரோட்டம் மந்தமான ஆழமற்ற மூலையில் ஒன்றும், ஆழமான பகுதியில் ஒன்றும் எடுத்தோம். மேற்பரப்பில் எண்ணெயும் களிம்பும் மிதக்கும் படலத்தைத் தவிர்க்க வேண்டும். அதற்காக மிக ஆழத்துக்கும் போக வேண்டியதில்லை. அதே வழிகாட்டி சொல்வது 5 முதல் 30 செ.மீ. ஆழம், கூடவே குளோரின் பொதுவாக மிகக் குறைவாக இருக்கும் பகுதியிலும் எடுப்பது நல்லது என்கிறது.

பாக்டீரியா மாதிரியை எடுப்பதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். மூடியைத் தரையில் வைக்கக் கூடாது, உட்பக்கத்தைத் தொடவும் கூடாது. பாட்டிலை அடிப்பக்கமாகப் பிடித்து, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு நீருக்குள் அமிழ்த்தி, உள்ளே வைத்தே மேல்நோக்கித் திருப்பி, கையிலிருந்து விலகும் திசையில் முன்னோக்கித் தள்ள வேண்டும். கையைத் தொட்ட நீர் பாட்டிலுக்குள் வரக் கூடாது என்பதே இதன் நோக்கம். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். ஆய்வகத்தில் குலுக்கிக் கலக்க அந்த இடம் தேவை. பொங்கி வழியவிட்டால் தயோசல்பேட்டும் வழிந்துவிடும். பிறகு பனிக்கட்டிப் பெட்டியில், உறையாமல், வெளிச்சம் படாமல் வைத்து அன்றே ஆய்வகம் சேர்க்க வேண்டும். 24 மணி நேரம் என்பது கடைசி எல்லை, இலக்கு அல்ல.

குளோரினுக்கும் பிஎச் அளவுக்கும் தனியாக, அதே இடத்து நீரை வெறும் குப்பியில் எடுத்து அங்கேயே சோதித்தோம். இந்தக் குப்பியை மட்டும் குள நீரால் பலமுறை அலச வேண்டும். மூன்றாம் எண் மாத்திரை போட்ட குப்பியை ஒழுங்காகக் கழுவாமல் அடுத்த சோதனைக்கு எடுத்தால் அதில் ஒட்டியிருக்கும் அயோடைடு, தனிக் குளோரினை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். பராமரிப்பாளரின் பெட்டியில் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. இரண்டாவது ஒன்றை வாங்கி, மூடியில் மைக்கோடு போட்டுக் கொடுத்தோம்.

இதன் மறுபக்கம்

இந்த நிகழ்வில் பாக்டீரியா முடிவுகள் சரியாகவே இருந்தன. பாட்டில்கள் எதிர்த்திசையில் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் கூடுதல் ஆபத்து. தயோசல்பேட் இல்லாத பாட்டிலில், குடிநீர் வாங்கிய காலி பாட்டிலில்கூட, பாக்டீரியா மாதிரி அனுப்பும் குளங்கள் உண்டு. நீரில் சூடோமோனாஸ் இருந்தாலும் வழியில் குளோரின் அதைக் கொன்றுவிடும். அறிக்கை 'இல்லை' என்று வரும். அந்த அறிக்கைக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவார்கள். நீந்துபவர்களுக்கு மயிர்க்கால்களில் கொப்புளமும் காதில் சீழும் வரும்போது, நீர் சுத்தம் என்று அந்தச் சட்டம் சாட்சி சொல்லும். பொய்யான பூஜ்யக் குளோரினாவது ஒரு மனிதரைப் பதற வைத்தது. பொய்யான பூஜ்ய பாக்டீரியா எல்லோரையும் தூங்க வைக்கும்.

மாதிரி எடுத்த நேரத்தில் கரையில் அளந்த குளோரினும் பிஎச்சும் எழுதப்படாத பாக்டீரியா அறிக்கையை நான் பாதி அறிக்கையாகவே பார்க்கிறேன். குளோரின் 2 மி.கி. இருந்தபோது பாக்டீரியா இல்லை என்பது ஒரு செய்தி. குளோரின் 12 இருந்தபோது இல்லை என்பது செய்தியே அல்ல.

பிறகு

மறு மாதிரியின் முடிவுகளில் கோலிஃபார்ம், ஈ.கோலை, சூடோமோனாஸ் மூன்றும் 100 மில்லியில் இல்லை. மொத்த பாக்டீரியா எண்ணிக்கை ஆழமற்ற மூலையில் மில்லிக்கு 30க்கு அருகில் வந்தது. முன்பு 1க்கும் கீழே இருந்தது 30 ஆகிவிட்டதே என்று நிர்வாகத்தில் ஒருவர் கவலைப்பட்டார். வழிகாட்டியின் வரம்பு 200. ஆட்கள் நிறைந்த குளத்தின் மந்தமான மூலையில் இப்படி ஒரு சிறிய எண் வருவதே எனக்கு நம்பிக்கை தந்தது.

ஆய்வகம் தன் படிவத்திலிருந்து குளோரின் கட்டத்தை நீக்கி, அந்த இடத்தில் 'மாதிரி எடுத்தபோது கரையில் அளந்தது' என்று ஒரு வெற்றிடம் விட்டது. அதை நிரப்பாமல் வரும் பாட்டிலைப் பெற்றுக்கொள்வதில்லை என்றும் சொன்னார்கள். பராமரிப்பாளரின் பதிவேட்டில் ஒரு வரி கூடியது: நிறம் உச்சத்தைத் தொட்டாலோ திடீரென மறைந்தாலோ பத்துக்கு ஒன்றாக நீர்த்துச் சோதிக்க வேண்டும், அதற்கு முன் எதையும் ஊற்றக் கூடாது. அமிலக் கேன்கள் வேறு அறைக்குப் போயின.

வெப்பமூட்டி மட்டும் பாக்கி இருந்தது. பிஎச் 6.7இல் அத்தனை நாள் ஓடிய நீர், செம்புச் சுருளை அரித்திருக்க வாய்ப்பு உண்டு. செம்பை அளக்க மூன்றாவது வகைப் பாட்டில் வேண்டும்: நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே வைப்பது, இல்லையென்றால் உலோகம் பாட்டிலின் சுவரிலேயே படிந்துவிடும். அதைப் பராமரிப்பாளரே எடுத்தார். பாட்டிலை வாங்கியதும் முதலில் அடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். முடிவில் செம்பு அளக்கும்படியாகவே இருந்தது. சுருளைக் கழற்றிப் பார்க்கப் பரிந்துரை எழுதிக் கொடுத்தோம்.